மலைக்காவல் சாமி

அமெரிக்காவில், லிவர்மோர் ஊர்க் கோயிலில் எனக்கும் மாசானம் அண்ணனுக்கும் கல்வேலை. அருகிலிருந்த மலையில் அரிவாள்போல் நின்ற ஒரு தகட்டுக்கு யாரோ பூ வைத்திருந்தார்கள். காவல் சாமி என்று நாங்களும் குங்குமம் வைத்துக் கும்பிட்டோம்.

இன்று என் மனைவி செவ்வந்தி கைக்குழந்தையோடு விமானத்தில் வருகிறாள்.

"சாமி, எம் பொஞ்சாதி புள்ளைய பத்திரமா இறக்கி விட்ரு."

அப்போது ஒரு வெள்ளைக்கார அம்மா பூவோடு ஏறி வந்தாள். குங்குமத்தைப் பார்த்து ஏதோ சொல்லி அழுதாள்.

"என்னண்ணே சொல்லுது?"

மாசானம் அண்ணன் தகட்டைக் காட்டினார். "இது ஏரோபிளேன் விசிறியாம்டா. யுத்தத்துக்குப் புது பிளேனை ஒப்படைக்க ஓட்டிட்டுப் போன அவங்க அண்ணன், இங்கதான் மோதிச் செத்தாராம்."

தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்தது. நான் தகட்டைப் பார்த்து மறுபடி கைகூப்பினேன்.

"அண்ணே, போய்ச் சேராத கொடுமை உங்களுக்குத்தான் தெரியும். அவங்களச் சேத்து விட்ருங்கண்ணே."