கண்ணாடிக்குச் சொன்னது

“நீ ஒண்ணும் சாதாரண ஆள் இல்ல. உன் அருமை உனக்கே தெரியல.”

சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்து இப்படிச் சொன்னதும், நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை, பாவம். வெட்டிய முடி வளர்வதற்குள், நாலாம் நாளே மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“அவருக்கு நான் ஒண்ணுமே சொல்லல டாக்டர்,” என்று மனநல ஆலோசகரிடம் புலம்பினார் சலூன்காரர். “அது நீங்க எனக்குக் குடுத்த வீட்டுப்பாடம். வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னா பொண்டாட்டி சிரிக்கிறா. அதான் கடையில வச்சு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

எதிரே புதுக் கடை வந்ததிலிருந்து அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கத்தரி பிடித்த கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அதற்குத்தான் ஆறு வாரமாக இந்த வைத்தியம். இப்போதோ வாசல்வரை கூட்டம்.

“நல்லதுதானே?”

“எங்க நல்லது? என் கைவேலைக்கு வர்றாங்களா, வாய்ப்பேச்சுக்கு வர்றாங்களான்னு தெரியலயே. பேச்சுக்குத்தான்னா, முப்பது வருஷமா தொழில் கத்துக்கிட்டது எதுக்கு?”

ஆலோசகர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வியர்த்துக் கொட்டினாலும் அதை மட்டும் அவர் கழற்றுவதில்லை.

“அடுத்தவங்க பாராட்டு ஒரு நாளைக்குத்தான் தாங்கும். தன்மதிப்பு உள்ளேருந்து வளரணும், சின்னச் சின்ன வேலையை நல்லா செஞ்சு செஞ்சு வளரணும். கோட்பாடே அப்படித்தான் சொல்லுது. நாலு நல்ல வார்த்தைக்காக எவனாவது சலூனுக்கு வருவானா? உங்க கைக்குத்தான் வர்றாங்க, நம்புங்க.”

சலூன்காரருக்கு அப்பாடா என்றிருந்தது. விரல்களை நீட்டிப் பார்த்தார், நடுக்கம் இல்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

“ஒரு நிமிஷம். நாளைக்குக் காலையில உங்க கடையில எனக்கு ஒரு இடம் கிடைக்குமா?”

“உங்களுக்கு இல்லாத இடமா டாக்டர்?”

ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஆறு வாரத்தில் முதல் முறையாகத் தொப்பியைக் கழற்றினார். சலூன்காரர் தொழில்காரர் அல்லவா, முன்னும் பின்னும் சுற்றிவந்து பார்த்தார். மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை.

“இதுல நான் எதை வெட்டுறது டாக்டர்?”

“வெட்ட வேண்டாம். கண்ணாடியைப் பார்த்துப் பேசுங்க, போதும்.”