ரப்பர் முனை

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்த காம்பஸ் வாங்குவது என்று முடிவு செய்ய, கணக்கு டீச்சர் நான்கு மாதிரிகளை மேசையில் பரப்பியிருந்தார். இந்தப் பள்ளிக்கு அவர் புதிது. போன வருடம் வகுப்பில் காம்பஸ் முனை பட்டு ஒரு பையனுக்குக் கண் போன சேதி மட்டும் காதில் விழுந்திருந்தது.

போன வருடம் வரை இங்கே படித்த ஒரு மாணவனின் அம்மா உதவி செய்யத் தானாகவே வந்திருந்தாள். ஒவ்வொரு முனையையும் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தாள்.

"இது ஆகாது டீச்சர். மூடியைக் கழட்டினா உள்ள ஊசிதான்."

"அப்ப இது? ரப்பர் முனை. வட்டம்தான் கொஞ்சம் கோணலா வரும்."

"வந்தா வந்துட்டுப் போகட்டும். அழிச்சிட்டு மறுபடி போட்டுக்கலாம்ல?" சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

டீச்சருக்குச் சட்டென்று புரிந்தது. பெற்ற வயிறு அல்லவா! அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"பையன் இப்ப எப்படிம்மா இருக்கான்?"

"வேற ஸ்கூல்ல சேர்த்தோம். போகவே மாட்டேங்கிறான். பென்சிலைக்கூடத் தொடுறதில்ல."

"ஐயோ பாவம். இன்னொரு கண்ணுல பார்வை நல்லா இருக்குல்ல?"

அவள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"என் பிள்ளைக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு டீச்சர். கண்ணு போனது அவனோட சிநேகிதனுக்கு. விளையாட்டா காம்பஸைத் தூக்கி வீசினது இவன்தான்."

அவள் ரப்பர் முனை காம்பஸை எடுத்து டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தப் பிள்ளையோட வீட்டு வாசல் வரைக்கும் மூணு தடவை போனேன். மணி அடிக்கத் தைரியம் வரல. அதான் இங்க வந்தேன்."