பன்னிரண்டும் கட்டம் கட்டமாய்

"ஒரு எழுத்துகூடவா தேறாது?" என்று கேட்டபடி மேலாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

திரை முழுக்கக் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான். ஊழியர்கள் பன்னிரண்டு பேரைப் பற்றி ஒரு மாதம் உட்கார்ந்து அந்த அம்மாள் எழுதிய ஆண்டறிக்கைகள் அவை. யாரை வைத்துக்கொள்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று அவற்றைப் பார்த்துத்தான் நாளை மேலிடம் முடிவெடுக்கும்.

"கம்ப்யூட்டர் மாத்தினோம்ல மேடம், அப்ப எழுத்தைச் சேமிச்ச முறை குழம்பிடுச்சு," என்றான் புரோகிராமர். "அதைச் சோதிக்கவே ஃபங்ஷன்னு ஒரு குட்டி புரோகிராம் இருக்கு. ஃபைலைக் கொடுத்தா சரியா தப்பான்னு ஒரே வார்த்தைல சொல்லிடும். பன்னெண்டுக்கும் தப்புன்னுடுச்சு. நானும் மூணு நாளா சோறு தண்ணி இல்லாம, தலைகீழா நின்னு பார்த்துட்டேன், அப்புறம் நேத்து என்ன ஆச்சுன்னா..."

"அது ஒரே வார்த்தையோட நிறுத்திக்குதா? அதுகிட்ட நீ கொஞ்சம் கத்துக்கயேன்!"

அந்தப் பன்னிரண்டு பேரில் அவனும் ஒருவன்.

"பேசாம புதுசா சொல்லுங்க மேடம். நான் டைப் அடிச்சிடறேன்."

வேறு வழியில்லாமல் அவர் சொல்லத் தொடங்கினார். எழுதும்போது இருந்த கோபம் இப்போது இல்லை. சாப்பாட்டு நேரம் வேறு தாண்டிவிட்டது. பத்து மணிக்கு ஆடி அசைந்து வரும் ஸ்டோர் கீப்பர் 'நிதானமானவர்' ஆனார். போனைக் கீழே வைக்காத வரவேற்பாளர் 'பழக இனியவர்' ஆனார்.

கடைசியில் அவன் முறை வந்தது.

"பாவம், எனக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கே! போட்டுக்கோ: கடின உழைப்பாளி. இவர் இல்லாமல் அலுவலகம் ஓடாது."

அவன் விரல்கள் பறந்தன. பிரின்ட் எடுத்துச் சுடச்சுட நீட்டினான். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் சற்றே தயங்கினார்.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன? பழசுல உன்னைப் போய்ச் சோம்பேறின்னு எழுதித் தொலைச்சிருந்தேன். அது போனதும் நல்லதுக்குத்தான்."

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"சோம்பேறின்னு எங்க மேடம் எழுதியிருந்தீங்க? 'வாய் ஓயாது, வேலை நகராது'ன்னுதானே இருந்துச்சு!"