கஞ்சி குடித்த புல்

ஏனாத்தூர் கண்ணாயிரம் வளர்த்த புல்தரை மாதிரி ஈரேழு உலகத்திலும் கிடையாது. மகள் தேவிப்ரியாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அசந்துபோக வேண்டும் என்பது அவர் ஆசை. பட்டு நூலையே விறைப்பாக்கும் கஞ்சி புல்லை நிமிர்த்தாதா என்று, தறியில் பாவு நூலுக்குப் போட்டு மீந்ததை வாளி வாளியாக ஊற்றினார். புல் கன்னங்கரேலென்று, பிசுபிசுவென்று, கற்றை கற்றையாக வளர்ந்தது. ஒரு மாதம் குளிக்காத தலையின் நாற்றம் பெரிய காஞ்சிபுரம் வரை அடித்தது. தொட்டால் அடியில் வெதுவெதுப்பு.

“உவ்வே! பொடுகு உதிருதுங்க! இதுல உக்கார வச்சா சம்பந்தம் ஒப்பேறுமா?” மனைவி அலமு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“கஞ்சி காஞ்சிகினு இருக்குது, சும்மா இரும்மா,” என்றார். அவரும் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

கார் வந்துவிட்டது. பாய் விரிப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வெறும் புல்லிலேயே சம்மணமிட்டாள். பேச்சுவாக்கில் புல்லைக் கோதினாள். எதையோ பிடித்தெடுத்து, இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்கினாள். சொடக்கென்று சத்தம் கேட்டது.

“பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க,” என்றாள், அடுத்ததைத் தேடிக்கொண்டே.

தோட்டத்துப் புல் மொத்தமும் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு சுகமாக அவள் மடிப்பக்கம் சாய்ந்துகொண்டது.