பிச்சிமொட்டு ஏறிய விமானம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் கோட்டாறு சைபுதீனுக்குக் கொழும்பிலிருந்து மச்சினி ஷாஜிதா ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே முதல் உலக யுத்தத்து பொம்மை ஏரோப்ளேன் ஒன்று இருநூற்றுப் பதினோரு மரத்துண்டுகளாகக் கிடந்தது. கூடவந்த பசை காய்ந்துபோயிருந்ததால் மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சி ஒட்டினார். எறும்புகள் வந்து வாலை அரித்தன. மறுபடி ஒட்டினார். மூன்றாம் மாதம், முழ நீளத்தில், எஞ்சின் இல்லாத விமானம் உத்தரத்தில் தொங்கியது.

"இது கொழும்புக்குப் போவுமா?" என்றாள் மனைவி ஹபீபா. அங்கே தங்கை ஷாஜிதாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பாஸ்போர்ட், விசா என்று வந்தபின் போய்ப் பார்க்க வழியில்லை.

"ஏறி இரி, போவும்" என்று சிரித்தார்.

விரல் அகல இருக்கையில் அவள் ஒரு பிச்சிமொட்டை வைத்தாள். காலையில் மொட்டைக் காணோம். ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. சக்கரங்களில் ஈரமணல் ஒட்டியிருந்தது.

எட்டாம் நாள் ஹபீபாவுக்கு ஷாஜிதாவின் கடிதம் வந்தது.

"ராத்தா, பூ வாடாம வந்து சேந்துது. பிள்ளைக்குத் தலையில வச்சேன். சத்தந்தான் கூடுதல், கோழியெல்லாம் பதறுதுன்னு மச்சான்கிட்ட சொல்லு."

ஹபீபா இரண்டு தடவை படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சைபுதீன் பரணிலிருந்து கல்யாண அண்டாவை இறக்கி, அது நிறைய மரச்சீனி மாவைக் கரைத்தார். பிறகு அளவுநாடாவோடு வந்து, "அனங்காம நில்லு" என்று மனைவியின் இடுப்பை அளந்தார்.