திரும்பி வந்த இறால்

ஐஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.

இறால் உரிக்கிற அந்தக் கூடத்தின் அமைதியை இவள் இதற்கு முன் கேட்டதே இல்லை.

கடல் தாண்டிப் போன பெட்டிகள் காலையில் துறைமுகத்துக்கே திரும்பிவிட்டன. வாங்குகிற நாட்டில் சோதித்துப் பார்த்தார்களாம். இறாலில் மருந்து. கண் களிம்பில் போடுகிற மருந்து. துளியிலும் துளி.

அவர்களுக்கு அதுவே அதிகம்.

மேற்பார்வையாளர் மேசையோரமாக வந்தார்.

“மருந்து போட்டது யாருன்னு சொல்லிட்டா அந்த ஒரு ஆளோட போயிரும். இல்லன்னா நாளையிலேருந்து இந்த மேசைல ஒருத்தரும் வர வேண்டாம். உறையக் கழத்திட்டு விரலக் காட்டுங்க.”

உரிக்கிற பெண்கள் கையுறையின் நுனிகளை வெட்டிக்கொள்வார்கள். வெறும் விரலுக்குத்தான் இறாலின் முதுகு நரம்பு தட்டுப்படும். எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

அந்தப் பெட்டிகள் கட்டிய நாட்களில் ஜெபமணி வேலைக்குப் புதிது. இறால் தலைக் கொம்பு குத்தி, ஐஸில் வெடித்து, விரல்கள் சீழ் கட்டியிருந்தன. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் இவள்தான் அந்தக் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். தன் புருஷனின் கண் ஆபரேஷனுக்கு வாங்கிய களிம்பு மிச்சமிருந்தது. ஜெபம் சொல்லிக்கொண்டே தடவிவிட்டாள்.

“கண்ணு மருந்த விரலுக்குத் தடவுறீகளே மைனி, இனி விரலுக்கும் பார்வை வந்துரும்” என்று சிரித்தாள் ஜெபமணி.

புண் ஆறிவிட்டது. நகக்கண்களில் தழும்பு நின்றுவிட்டது.

இப்போது ஜெபமணி சிரிக்கவில்லை. கடலுக்குப் போன புருஷன் இன்னும் கரை சேராத வீடு அவளுடையது.

மேற்பார்வையாளர் ஒவ்வொரு கையாகப் புரட்டிப் பார்த்தார். ஜெபமணிக்கு முன் இன்னும் இரண்டு பேர்.

கர்த்தரே, என்றாள் இவள் மனதுக்குள். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

“நான்தான் சார்.”

அவர் திரும்பினார்.

இவள் உரிப்பவள் அல்ல. எடை போட்டுப் பெட்டியில் அடுக்குபவள். கையுறையின் நுனிகள் வெட்டுப்படாமல் முழுசாக இருந்தன.

அவர் அதைப் பார்த்தார். பிறகு வரிசையில், முந்தானைக்குள் மறைந்த இரண்டு கைகளைப் பார்த்தார்.

எங்கோ ஐஸ் உருகிச் சொட்டியது.

இவள் உறையைக் கழற்றப் போனாள்.

“வேண்டாம்” என்றார் அவசரமாக.

வாசல்வரை அவரே கூட வந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“போயிட்டு வாங்கக்கா.”

அதுவரை அவர் இவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.