நிழல் வேண்டாத யானை

டேப்லெட் திரையில் பேனா ஒரு யானையை வரைந்தது. ஒரு பக்கம் பளீரென்று வெளிச்சம், மறுபக்கம் கன்னங்கரேலென்று இருட்டு, காலடியில் கெட்டியான நிழல். பக்கத்துக் கிளையில் ஏற்கெனவே வரையப்பட்டிருந்த சிட்டுக்குருவி, "அடேயப்பா, என்ன கனம்!" என்று வாயைப் பிளந்தது.

யானைக்குச் சுருக்கென்றது. "கனமா? பேனாக்கா, இந்தக் கருப்பையெல்லாம் அழிச்சிடு. நான் முழுக்க ஜொலிக்கணும்!"

பேனா காலடி நிழலை அழித்தது. யானை பலூன் மாதிரி மேலே எழும்பியது.

"ஐயையோ, பறக்கிறேன்! இன்னும் அழி, இன்னும் அழி!" என்று காற்றில் புரண்டு புரண்டு சிரித்தது. வயிற்றின் இருட்டு போனது. காது மடிப்பின் இருட்டும் போனது.

"யானையண்ணே, எங்கே போனீங்க?" என்றது குருவி.

"உன் மூக்குக்கு முன்னாடிதான் இருக்கேன்!"

குருவிக்கு வெள்ளைத் திரையில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அது பயந்து பறந்தோடப் பார்த்தது.

"போகாதே! பேனாக்கா, சீக்கிரம் கருப்பு கொடு!" என்று யானை அலறியது.

பேனா வயிற்றிலும் காதிலும் இருட்டைத் தீட்டி, காலடியில் பட்டையாக ஒரு நிழலை இழுத்தது. தொம்! யானை இறங்கிய வேகத்தில் கிளை குலுங்க, குருவி குட்டிக்கரணம் போட்டு அதன் முதுகில் வந்து விழுந்தது.

"வாங்கண்ணே," என்றது குருவி. "இப்பத்தான் வர்றீங்களா?"